நல்ல பசை

பெயர் மாற்றக் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை.
பலகை, வேன், ஏப்ரன், ரசீதுப் புத்தகம்
எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டான் டெரிக்,
பாயா லேபாரில், குளிரூட்டிய அறையில்,
சுவர் நிறைய வண்ணங்களை ஓடவிட்டு.
"உங்கள் வாடிக்கையாளர் யார்?" என்றான்.
பசித்தவர்கள், என்றேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருடம் முன்பு
செனோக்கோவில் வாடகைச் சமையற்கூடம் பிடித்து
நானும் நாத்தனார் கிரேஸ்லினும் தொடங்கியபோது
வேறு பெயரே தோன்றவில்லை:
கானா விருந்து.
கல்யாண வீட்டில் குறை வராது
என்று கொடுத்த வாக்கு மாதிரி.
ஸ்டிக்கரில் இரண்டு மோதிரம், ஒரு சாடி,
தங்க நிறத்தில்.
மாதம் ஆறு கல்யாணம் அப்போது.

எப்போது மாறியது என்று கேட்டால்
தேதி சொல்லத் தெரியாது.
கல்யாணங்கள் ஹோட்டலுக்குப் போயின.
ஹோட்டல்காரர்கள் வெளிச்சாப்பாட்டை விடுவதில்லை.
எங்களுக்கு வந்த அழைப்புகள்
விடிகாலை நாலு மணிக்கு,
தொண்டை அடைத்த குரலில்:
"மூணு நாளைக்கு. ராத்திரி ஜெபத்துக்கு எண்பது பேர்.
காரம் கம்மியா."
அதே நீலப் புத்தகத்தில்தான் எழுதினேன்.
பக்கம் நிறம் மாறவில்லை.

பேரை மாத்தினா
சாமியை மாத்தின மாதிரி பேசுவாங்க, என்றாள் கிரேஸ்லின்.
போதகர் ஜெபித்துப் பார்க்கச் சொன்னார்.
ஜெபித்தேன்.
அரிசி விலைதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் தோ பாயோ.
புளோக்கின் கீழ்த்தளம், வெள்ளைத் துணி,
நின்று சுழலும் மின்விசிறிகள்,
மேசைக்கு மேசை கடலைத் தட்டு.
தூணுக்குப் பின்னால் இறந்தவரின் மகள் ஜெமிலா
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
பெட்டி பெட்டியாக
எங்கள் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.
பாதி முடித்திருந்தாள்.
என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.
"தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி.
அம்மா கண்ணுல மோதிரம் பட வேணாம்னுதான்."
வேறென்ன சொல்வதென்று தெரியாமல், பிறகு:
"நல்ல பசை."

நானும் உட்கார்ந்தேன்.
மீதி நாற்பதை இருவரும் உரித்தோம்.
சில முழுதாக வந்தன.
சிலவற்றில் மோதிரம் கிழிந்து
சாடி மட்டும் ஒட்டி நின்றது.
அதை அவள் அப்படியே விட்டாள்.

திரும்பும் வழியில், விரைவுச்சாலையில்,
நகத்திடுக்கில் தங்கப்பொடி.
அந்தக் கல்யாண வீட்டிலும்
திராட்சரசத்துக்கு முன்னால்
சாடிகள் எதற்கு இருந்தன?
கைகால் கழுவத்தானே.
சிரிக்க வந்தவனும் தூசியோடுதான் வந்திருப்பான்.
பந்தியில் இருந்தவர்களுக்கு ருசி தெரிந்தது.
சுமந்தவர்களுக்கு
தண்ணீரின் கனம் தெரியும்.

மறுநாள் டெரிக்குக்கு ஒரே சொல் அனுப்பினேன்.
கற்சாடி.
மோதிரம் வேண்டாம். தங்கம் வேண்டாம்.
"இறுதிச்சடங்குகளுக்கு மட்டுமா?" என்று கேட்டான்.
இல்லை தம்பி, கை கழுவுகிற யாருக்கும்.
இதை எழுதிக்கொண்டானாம்.

மூவாயிரத்து இருநூறு பழைய ஸ்டிக்கர் மிச்சம்.
கிரேஸ்லின் எறிய விடவில்லை.
பருப்பு டின்னிலும் மிளகாய்த்தூள் டின்னிலும்
மூடியின் உள்பக்கமாக ஒட்டிவைக்கிறாள்.
தொலைபேசி அடித்தால் இன்னும்
"கானா" என்று வாயெடுத்து
ஒரு மூச்சு நிறுத்தித்தான்
புதுப் பெயரைச் சொல்கிறாள்.
அந்த ஒரு மூச்சில் சிலர்
மறுமுனையில் அழுதுவிடுகிறார்கள்.
அவளும் அவசரப்படுத்துவதில்லை.

போன ஞாயிறு ஓர் ஆர்டர்.
ஜூரோங்கில் கல்யாணம், இருநூறு பேர்.
காரம் தூக்கலாக வேண்டுமாம்.